நாலு தேசத்து மூளையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும்

இல்லை, இல்லை. வேலை வெட்டி இல்லாத ஆள் என்று மட்டும் என் மருமகனைச் சொல்லாதீர்கள். எதிர்வீட்டம்மா சொல்கிறாள். மாடிவீட்டுக்காரரும் படிக்கட்டில் நின்று பல் குத்திக்கொண்டே சொல்கிறார். வாய் சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாலு வருஷமாக இந்த மனிதர் ஆபீஸ் போனதை யாரும் பார்க்கவில்லையாம். தினமும் முகம் மழித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை “கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?” என்று யாரையோ கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்; கேட்டதாக யாரும் சொன்ன மாதிரியும் தெரியவில்லையாம். தெருவில் அவருக்குக் ‘கேக்குதா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“பாவம் உங்க பொண்ணு. அது ஒருத்திதான் காலையில பையத் தூக்கிட்டு ஓடுது” என்று எதிர்வீட்டம்மா இழுத்தாள்.

“எங்க மாப்பிள்ளைக்கு வேலை இருக்கு. அதைச் செய்யத்தான் நேரமில்லை” என்றேன்.

உண்மை அதுதான். உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றித் தெரியாது, அதனால் பேசுகிறீர்கள். ஆராய்ச்சிக்காரர் வேறு, கூட்டு ஆராய்ச்சிக்காரர் வேறு. ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு விஷயம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும்வரை தவிப்பார். கூட்டு ஆராய்ச்சிக்காரருக்கும் தெரியாது. ஆனால் நாலு தேசத்தில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் தெரியாமல் இருந்தால்தான் அவருக்குத் திருப்தி.

என் மருமகன் மூளை ஆராய்ச்சிக்காரர். கெட்டிக்காரர், பொய் பேசாதவர், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறவர். அவரை நாலு தேசத்துக் கூட்டு ஆராய்ச்சிக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். அன்றோடு முடிந்தது. மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூளை என்ன செய்கிறது, அது தேசத்துக்குத் தேசம் மாறுமா? இதுதான் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது. ஒவ்வொரு தேசத்திலும் ஆட்களைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, கம்பி தொங்கும் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டி, பத்து நிமிஷம் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும். மூளை எழுப்பும் அலை கோடு கோடாகப் பதிவாகும். அப்புறம் நாலு தேசத்துக் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கிறவனைப் பார்க்க இத்தனை பேரா என்று நானும் கேட்டேன். “அத்தை, இது அடிப்படை ஆராய்ச்சி” என்றார். அடிப்படை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்கக் கூடாதாம்.

இந்த இனத்தின் முதல் அடையாளம், தொடங்குவதற்கு முன்னால் பெயர் வைப்பது. பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைக்கிறவர்கள் நாம். இவர்கள் பெயரை வைத்துவிட்டுப் பிள்ளை வருமா என்று பார்ப்பார்கள். ஆராய்ச்சிக்குப் பெயர் வைக்கப் பதினோரு கூட்டம். அதற்கு ஒரு சின்னம் வரைய ஒன்பது கூட்டம்: ஒரு மூளை, அதிலிருந்து நாலு கை. மூளை காலிஃபிளவர் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் குறை சொல்ல, கை கரப்பான் பூச்சிக்கால் மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர் வருத்தப்பட, கடைசியில் இரண்டும் நீல நிறத்தில் இருந்தால் சரியாகிவிடும் என்று நாலு தேசமும் ஒருமனதாகத் தீர்மானித்தது. அதற்குப் பிறகு அறுபத்து நாலு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். சின்னத்தை எந்த அளவில் போடலாம், யார் பெயர் முதலில் வரும், நடுவில் ஒருவர் செத்துப்போனால் அவர் பெயர் பக்கத்தில் நட்சத்திரம் போடுவதா சிலுவை போடுவதா, எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அதற்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது அடையாளம், வீட்டைப் பிடித்துக்கொள்வது. எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரே இடம் சாப்பாட்டு மேசை. மேசைக்குப் பின்னால் சமையலறைக் கதவு. கேமராவில் கதவு தெரியக் கூடாது என்று படுக்கையறைப் புத்தக அலமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து பாதிக் கதவை மறைத்தார். மீதிப் பாதியில் நாங்கள் போக வர வேண்டும். கூட்டம் நடக்கும்போது குனிந்து, கேமராவுக்குக் கீழே, கையில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு போக வேண்டும். என் முழங்காலைக் கேட்டால் சொல்லும், இந்த ஆராய்ச்சிக்கு நான் செய்த உதவியை. சுவரில் நாலு கடிகாரம் மாட்டினார், தேசத்துக்கு ஒன்று. வெளிதேசத்துக் கடிகாரம் மூன்றும் நிமிஷம் பிசகாமல் ஓடுகின்றன. எங்கள் ஊர்க் கடிகாரத்துக்கு மட்டும் பேட்டரி தீர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

கூட்டாளிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் குளிர்தேசத்துப் பேராசிரியர். மடியில் எப்போதும் ஒரு பூனை. பேராசிரியர் பேசும்போது பூனை கண்ணை மூடும், மற்றவர்கள் பேசும்போது பேராசிரியர் கண்ணை மூடுவார். இன்னொருவர் தீவுக்காரம்மா. எதைச் சொன்னாலும் “அற்புதமான யோசனை” என்பாள். மழை பெய்கிறது என்றாலும் அற்புதமான யோசனைதான். மூன்றாமவருக்கு முகமே கிடையாது. கறுப்புக் கட்டத்துக்குள் ஒற்றை எழுத்தாக இருப்பார். நாலு வருஷத்தில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. ‘ஆமோதிக்கிறேன்’ என்று மட்டும் தட்டி அனுப்புவார். ஆள் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. ஒப்பந்தப்படி அவர் பெயர் இரண்டாவது.

அவர்கள் பாஷை எனக்கு எப்படிப் புரிகிறது என்கிறீர்களா? நாலு வருஷம் அதே ஏழு வாக்கியத்தைக் கேட்டால் எங்கள் வீட்டுக் கதவுக்கும் புரியும். “நல்ல கேள்வி.” “இதைத் துணைக்குழுவுக்கு விட்டுடலாம்.” “உங்க கருத்து ரொம்ப முக்கியம்.” “அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்.” நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கருத்து முக்கியம் என்று சொன்னால் அந்தக் கருத்துக்கு அன்றோடு காரியம் முடிந்தது.

இனி முக்கியமான விஷயம். எங்கள் தேசத்துத் தலைகளுக்குத் தொப்பி மாட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்?

என் மகள். அவருடைய மனைவி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற பதிவு அறையில் அவள்தான் எல்லாம். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் தலையையும் மூக்குத் தண்டிலிருந்து பின்மண்டை வரை டேப் வைத்து அளந்து, நடு உச்சியில் பென்சிலால் புள்ளி வைத்து, தொப்பியில் இருக்கிற முப்பத்திரண்டு பொத்தானுக்குக் கீழேயும் முனை மழுங்கிய ஊசியால் பசை விட்டு, முடிந்ததும் அந்தப் பசையை வெந்நீர் ஊற்றித் தன் கையாலேயே அலசி அனுப்புவாள். பஸ் டிரைவர் ஒருவர் தொப்பி மாட்டியதும் தூங்கிக் குறட்டை விட்டாராம். புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மா, பத்து நிமிஷம் சும்மா இருந்து எத்தனை நாளாச்சு என்று அழுதாளாம். ஒவ்வொருவரிடமும் என் மகள் சொல்வது ஒன்றுதான்: “பயப்படாதீங்க, உங்களப் பத்தித் தப்பா எதுவும் எழுதிட மாட்டாங்க. சும்மா உக்காந்தா போதும்.” அவள் வாக்கை நம்பித்தான் அத்தனை பேரும் தலையைக் கொடுத்தார்கள்.

குளிர்தேசத்தில் பூனை இரவு என்ன சாப்பிட்டது என்று என் மருமகனுக்குத் தெரியும். தன் மனைவி அந்த அறையில் என்ன செய்கிறாள் என்று தெரியாது. ஏனென்றால் வீட்டில் வேலை பேசக் கூடாது என்பது அவர் கொள்கை. வீடு முழுக்க வேலையைப் பரப்பி வைத்துக்கொண்டு, வேலை செய்கிற ஒருத்தி வாயைத் திறந்தால் மட்டும் கொள்கை. “மெயில் போட்டுடும்மா. முறைப்படி வரட்டும்” என்பார்.

அவளும் முறைப்படி போட்டாள். முதல் மெயில் முதல் மாதத்தில். கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். அதனால் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னபடி, கண்ணைத் திறந்து சுவரில் ஒட்டிய கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறோம். மற்ற மூன்று தேசத்திலும் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லவும். இவ்வளவுதான் கேள்வி. அறுபத்து நாலு பக்க ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒன்று இதுதான்: உட்காருகிறவர் கண்ணைத் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா?

பதில் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? இரண்டு பேரும் இதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் இருந்தேன். இடது கையால் அவர் எதையோ தட்டினார். அவள் போன் டிங் என்றது. ‘மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு, உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம்.’ கீழே அவருடைய பட்டம் பதவி ஏழு வரி, நீல மூளைச் சின்னம். அனுப்பிவிட்டு, “அந்தத் தண்ணியக் கொஞ்சம் தள்ளு” என்றார். தள்ளினாள். இரண்டாவது மெயிலுக்கும் அதே பதில். மூன்றாவதற்கும் அதே. சின்னம் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மேசையில் கொண்டாட்டம். நாலு தேசத்துக் கோடுகளையும் அடுக்கிப் பார்த்துவிட்டார்களாம். மூன்று தேசத்து மூளையிலும் ஓய்வுக்கு அடையாளமான மெல்லிய அலை அழகாக எழும்புகிறதாம். எங்கள் தேசத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அது கிட்டத்தட்ட இல்லையாம். ஒருவருக்குக்கூடச் சரியாக இல்லையாம்! பெரிய கண்டுபிடிப்பு. கட்டுரைக்குத் தலைப்பும் தயார்: ‘ஓய்வறியா மூளை’. வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும்.

உடனே காரணம் சொல்லும் கூட்டம். உங்கள் தெருக்களில் இரைச்சல் அதிகம், அதனால்தான் என்றார் பேராசிரியர். உங்கள் வீடுகளில் ஆட்கள் அதிகம், யாரையும் யாரும் சும்மா இருக்க விடுவதில்லை, இது அற்புதமான யோசனை என்று தன் யோசனையையே பாராட்டிக்கொண்டாள் தீவுக்காரம்மா. முகமில்லாதவர் ஆமோதித்தார். என் மருமகனும் தலையை ஆட்டினார், பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த மனிதர், இங்கே இருக்கிறவர்களுக்குப் பிறவியிலேயே நிம்மதி கிடையாது என்று யாரோ சொன்னதற்குத் தலையை ஆட்டுகிறார். நான் அவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வீட்டிலேயே நிம்மதியாக இருந்த ஒரே மூளை என்னுடையதுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அந்தத் தலைப்பு என் மகள் காதில் விழுந்தது. சமையலறையில் இருந்தவள் குனியவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து, அலமாரியைத் தாண்டி, நாலு தேசமும் பார்க்க மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியுமா? கண்ணை மூடினா அந்த அலை எழும்பும். தொறந்தா அடங்கிடும். மூளை படிச்ச எல்லாருக்கும் இது தெரியும். எங்க ரூம்ல அத்தனை பேருக்கும் கண்ணு தொறந்திருந்தது.”

“இப்ப மீட்டிங்ல இருக்கேம்மா. ஒரு மெயில்...”

“மூணு மெயில் போட்டாச்சு.”

“மூணுக்கும் பதில் போட்டேனே!”

“போட்டீங்க. பக்கத்துல உக்காந்து போட்டீங்க.”

மருமகன் முகம் வெளுத்துப்போனது. திரையைப் பார்த்துத் திரும்பி, உங்கள் இடங்களில் கண் எப்படி என்று கேட்டார். பேராசிரியர் பூனையைத் தடவினார். தொப்பி மாட்டுகிற பெண்ணைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். தீவுக்காரம்மா, மூடித்தான் இருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு அவளிடம் அற்புதமான யோசனை எதுவும் இல்லை. கறுப்புக் கட்டம் சத்தமில்லாமல் மறைந்தே போனது. புரிகிறதா? நாலு தேசம், நாலு தலைவர்கள், நாலு வருஷம். மூளையைப் பற்றி அத்தனை பேச்சுப் பேசிய நாலு பேரில் ஒருவருக்கும், அந்த மூளைக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று தெரியவில்லை.

“வெள்ளிக்கிழமை இது இப்படியே போச்சுன்னா, இனிமே அந்த நாற்காலியில யாரையும் நான் உக்கார வைக்க மாட்டேன்” என்றாள் மகள். “வேலைய விட்டுடறேன். அந்த ஆளுங்க முகத்துல என்னால முழிக்க முடியாது.”

அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? இந்த இனத்தை இவ்வளவு நேரம் விவரித்தேனே, இன்னுமா தெரியவில்லை? துணைக்குழு அமைத்தார். புதன்கிழமை முழுக்க, கண் பற்றிய துணைக்குழுவுக்குப் பெயர் என்ன, அதில் யார் யார், அதற்குத் தனிச் சின்னம் வேண்டுமா என்று நாலு பேரும் பேசினார்கள். கறுப்புக் கட்டமும் திரும்பி வந்து ஆமோதித்தது. என் மகள் சாப்பிடவில்லை. பேசவும் இல்லை, மெயிலும் போடவில்லை. மெயில் வராததுதான் அவரைக் கலக்கியது என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் மட்டும் பத்துத் தடவை போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை அவள் எட்டு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது மணிக்குக் கூட்டம். தீர்மானம் இதுதான்: கட்டுரை சொன்னபடி வெள்ளிக்கிழமை போகட்டும்; கண் துணைக்குழு அடுத்த வருஷம் அறிக்கை தரட்டும். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம். பேராசிரியர் தூக்கினார், பூனையின் காலும் கூடவே எழுந்தது. தீவுக்காரம்மா தூக்கினாள். கறுப்புக் கட்டம் ஒரு கைப் படத்தை அனுப்பியது. மூன்று கை. நாலாவது கைக்காகத் திரை காத்திருந்தது.

என் மருமகன் கை மேசை மேலேயே இருந்தது. மேலே போகும் என்று நான் நினைத்தேன். நாலு வருஷப் பழக்கம், தானாகப் போய்விடும் அல்லவா? போகவில்லை.

“அந்த ரூமை நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல” என்றார், அவர்கள் பாஷையில். “நீங்க உங்க ரூமைப் பாத்திருக்கீங்களா?”

நல்ல கேள்வி என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

“அப்ப இது போகக் கூடாது. கட்டுரை வராதுன்னு பத்திரிகைக்கு நானே எழுதிடறேன். தப்பு என்மேலதான், என் பேரப் போட்டே எழுதறேன்.”

தீவுக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் காத்திருக்கவில்லை. நன்றி சொல்லவில்லை, அடுத்த கூட்டத் தேதி கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். எங்கே கழற்றி வைத்தோம் என்று மறந்துபோயிருந்தது. அலமாரிக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தூசு தட்டிப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றார்.

“அத்தை...”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“அவ வேலை செய்யிற இடத்துக்கு எந்த பஸ்?”

மூன்று தேசத்து நேரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர். நான் சிரிக்கவில்லை. அன்று சிரித்திருந்தால் நான் மனுஷி இல்லை.

“பச்சை பஸ். ஆஸ்பத்திரி தாண்டி ரெண்டாவது நிறுத்தத்துல இறங்கணும். இறங்கி யாரைக் கேட்டாலும் அவளக் காட்டுவாங்க.”

தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். பல் குத்திக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் திறந்தபடியே வழிவிட்டார்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும். சிரியுங்கள், தடையில்லை. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாரே ஒருவர், அவர் வேலை செய்கிற இடத்துக்கு எந்த பஸ் போகிறது?

தெரியாது என்றால் அவரையே கேளுங்கள். மெயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.